ரீசார்ஜா, ஃபைபரா, பொது வைஃபையா? வருமானம் குறைந்த வீட்டுக்கு ஒரு வருஷக் கணக்கு

ரீசார்ஜ் கடையில் "ஒரு மாசத்துக்குப் போடுங்க" என்று கேட்டால் விழுவது 28 நாள். வருஷத்துக்கு 12 தடவை என்று மனக்கணக்குப் போடுகிறவர் 13 தடவை பணம் கட்டுகிறார். ஃபைபர்காரர் "399 தாங்க" என்பார்; 18 சதவீதம் ஜிஎஸ்டி ஏறி பில்லில் 471 நிற்கும். விளம்பரத்தில் இருக்கும் இந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தப்பான முடிவுதான் வரும். அதனால் இங்கே எல்லாவற்றையும் ஒரு வீட்டுக்கு, ஒரு வருஷத்துக்கு என்றே போட்டிருக்கிறோம். மனதில் வைத்திருப்பது தமிழ்நாட்டில் தினக்கூலியிலோ சின்னச் சம்பளத்திலோ ஓடும் வீடு. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றிய பிறகு, 2025-இல் இருந்த விலைகள் இவை. உங்கள் தெருவில் இன்று வேறு தொகை சொன்னால் அதைப் போட்டுக் கூட்டிப் பாருங்கள்.

முதலில், எவ்வளவு டேட்டா போகிறது

திட்டத்தைத் தேடும் முன் ஒரு வாரம் போனைக் கவனிப்பது நல்லது. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் டேட்டா யூசேஜ் என்று இருக்கும். எந்த ஆப் எத்தனை எம்பி தின்றது என்று வரிசையாகக் காட்டும். பெரும்பாலான வீடுகளில் பாடம் பட்டியலின் கீழே கிடக்கும், குறு வீடியோ ஓட்டும் ஆப்கள் மேலே இருக்கும். ஒரு மணி நேர ரீல்ஸ் 700 எம்பியைத் தாண்டுவது சாதாரணம். யூடியூப்பை 360பி-யில் வைத்தால் மணிக்குச் சுமார் 300 எம்பி, 480பி-யில் 500 எம்பி, 720பி-க்குப் போனால் ஒரு ஜிபிக்கு மேல். கரும்பலகைப் பாடத்தை ஐந்தரை அங்குலத் திரையில் பார்க்க 360பி போதும், எழுத்து தெரியும். யூடியூப் செட்டிங்ஸில் மொபைல் டேட்டாவுக்கு ஒரு தரம், வைஃபைக்கு ஒரு தரம் என்று தனித்தனியாக வைக்கலாம். இரண்டிலும் டேட்டா சேவர் வையுங்கள். ஏன் வைஃபைக்கும் என்பது ஹாட்ஸ்பாட் பகுதியில் தெரியும்.

தினசரி அளவு முடிந்ததும் நெட் அறுந்துவிடுவதில்லை, வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். அதில் ஒரு எம்பி படம் இறங்க இரண்டு நிமிஷம் பிடிக்கும். வாட்ஸ்அப் எழுத்து போகும். கடையில் நின்று ஜிபே செய்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். நள்ளிரவில் கணக்கு புதிதாகும், மிச்சம் இருந்தது போய்விடும். மூன்று போனுக்கும் 1.5 ஜிபி போட்ட வீடு தினம் 4.5 ஜிபி வாங்குகிறது. அம்மாவின் போனில் ஒரு ஜிபி வீணாகும் அதே ராத்திரி பையனுக்கு ஏழு மணிக்கே தீர்ந்துபோய், 19 ரூபாய்க்கு ஒரு ஜிபி கூடுதலாகப் போடுவான். மாதம் பத்து நாள் இப்படி நடந்தால் 190 ரூபாய். இன்னொரு சிம்முக்கு 28 நாள் ரீசார்ஜே போட்டிருக்கலாம்.

மூன்று விதமான கணக்கு

முதல் வழி, எல்லோரும் செய்வது: ஆளுக்கு ஒரு 299 ரூபாய் திட்டம் (தினம் 1.5 ஜிபி, 28 நாள், சில நிறுவனங்களில் இதே அளவுக்கு 349). 299-ஐ 13 முறை போட்டால் ஒரு போனுக்கு வருஷம் 3,887 ரூபாய். இரண்டு போன் 7,774. மூன்று போன் 11,661. நான்கு போன் 15,548.

இரண்டாவது வழி, வீட்டுக்கு ஃபைபர் வாங்கி, போன்களில் வெறும் 189 ரூபாய் திட்டம் (28 நாளுக்கும் சேர்த்து 2 ஜிபி, அளவில்லாத அழைப்பு). 30 எம்பிபிஎஸ் ஃபைபர் 399 என்றால் ஜிஎஸ்டியோடு வருஷம் 5,650. போன் ஒவ்வொன்றுக்கும் 2,457. இரண்டு போன் உள்ள வீட்டுக்கு 10,564 ஆகிறது, முதல் வழியைவிட இரண்டாயிரத்து எண்ணூறு அதிகம். மூன்று போனுக்கு 13,021, இன்னும் அதிகம்தான். நான்காவது போனில்தான் 15,478 என்று சமமாகிறது. ஃபைபர் போட்டால் ரீசார்ஜ் செலவு மிச்சமாகும் என்று சொல்லி விற்பவர்கள், சிம்மை உயிரோடு வைக்க ஆகும் இந்தக் காசைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மூன்றாவது வழிதான் பலருக்குத் தோன்றாமல் இருக்கிறது: வீட்டில் இருக்கும் ஒரு போனுக்கு மட்டும் தினம் 2 ஜிபி தரும் 349 ரூபாய் திட்டம், மற்றவற்றுக்கு 189. வீட்டுப் போனின் ஹாட்ஸ்பாட்டில் மற்றவை தொங்கும். இரண்டு போனுக்கு 6,994, மூன்றுக்கு 9,451, நான்குக்கு 11,908. மூன்று போன் வீட்டில் முதல் வழியைவிட 2,210 ரூபாய் மிச்சம். ஜியோ, ஏர்டெல் இரண்டும் தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள திட்டங்களுக்குத்தான் அளவில்லா 5ஜி தருகின்றன (ஏர்டெல்லில் அந்த அளவு 379-இல் இருந்தது). 5ஜி போன் ஒன்று இருந்து, வீட்டுக்குள் 5ஜி எட்டினால் கணக்கு இன்னும் மாறும். ஆனால் அளவில்லா 5ஜி டேட்டாவை ஹாட்ஸ்பாட்டில் பகிர என்ன நிபந்தனை என்று அந்த நிறுவனத்தின் ஆப்பில் படித்துவிட்டே நம்புங்கள்.

வெளியே டேட்டாவே வேண்டாம் என்கிற பெரியவர்கள் இருந்தால் இன்னும் குறையும். 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், டேட்டா சேராத அழைப்பு-எஸ்எம்எஸ் திட்டங்களையும் நிறுவனங்கள் தந்தாக வேண்டும் என்று விதி போட்டது. அதன்படி வந்தவை ஜியோ 448, ஏர்டெல் 469. இரண்டும் 84 நாள். வருஷத்துக்குச் சுமார் 1,950 முதல் 2,040 வரை. ரீசார்ஜ் ஆப்பின் முதல் பக்கத்தில் இவை கண்ணில் படாது. வாய்ஸ் ஒன்லி என்று தேட வேண்டும். ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வருவதால் வங்கி வேலை நிற்காது. டேட்டா இல்லாமல் பணம் அனுப்ப *99# உண்டு, ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை. அது மெதுவானது, மெனு பார்த்து எண் அழுத்த வேண்டும். வயதானவருக்கு ஒருமுறை உடன் உட்கார்ந்து செய்து காட்டாவிட்டால் அவர் தொடவே மாட்டார்.

என் கணிப்பில் 189-க்கும் வாய்ஸ் ஒன்லிக்கும் வருஷத்தில் வரும் ஐந்நூறு ரூபாய் வித்தியாசத்தை, வெளியே வேலைக்குப் போகிறவர் மிச்சம் பிடிக்கப் பார்க்கக் கூடாது. மாதம் 2 ஜிபி என்பது யுபிஐக்கும் வாட்ஸ்அப் எழுத்துக்கும் தாராளம். டெலிவரி, ஆட்டோ ஆப் ஓட்டுகிறவர் கதை வேறு. அந்தப் போனுக்கு முழுத் திட்டம் போட்டே ஆக வேண்டும், அது தொழில் செலவு.

பிஎஸ்என்எல் சிம்மைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2024-இல் மற்றவர்கள் ஏற்றியபோது அது விலை ஏற்றவில்லை. ஆனால் விலையை அப்படியே வைத்து நாளைக் குறைப்பது அங்கே உண்டு; போன முறை 35 நாள் கிடைத்த அதே தொகைக்கு இந்த முறை எத்தனை என்று எண்ணிவிட்டுப் போடுங்கள். 2025 செப்டம்பரில் நாடு முழுதும் அதன் 4ஜியைத் தொடங்கினார்கள். உங்கள் வீட்டுக்குள் சிக்னல் எப்படி என்பது மட்டுமே கேள்வி. பக்கத்து வீட்டில் பிஎஸ்என்எல் வைத்திருப்பவரின் போனை வாங்கி, உங்கள் சமையலறையில் நின்று, இரவு எட்டு மணிக்கு ஒரு வீடியோ ஓட்டிப் பாருங்கள். ஓடினால் அதே எண்ணோடு பிஎஸ்என்எல்லுக்கு மாறலாம், அதாவது போர்ட் செய்யலாம். PORT என்பதற்குப் பிறகு ஓர் இடம் விட்டு உங்கள் எண்ணை அடித்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போர்ட்டிங் கோடு வரும், அந்தக் கோடு நான்கு நாள் செல்லுபடியாகும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். அண்மையில் சிம் மாற்றியிருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும்.

ஹாட்ஸ்பாட்டில் டேட்டா எப்படிக் காலியாகிறது

மூன்றாவது வழி மலிவு, ஆனால் அதில்தான் கை சுட்டுக்கொள்ளும் இடம் இருக்கிறது. ஹாட்ஸ்பாட்டில் சேர்கிற கருவி தான் வைஃபையில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. "வைஃபை இருந்தால் மட்டும் செய்" என்று விட்டிருந்த வேலைகள் எல்லாம் அந்த நொடியே தொடங்கும்: பிளே ஸ்டோர் அப்டேட், கூகுள் ஃபோட்டோஸ் பேக்கப், வாட்ஸ்அப் வீடியோ இறக்கம். புதிய ஆண்ட்ராய்டு போன்கள் இன்னொரு ஆண்ட்ராய்டின் ஹாட்ஸ்பாட்டை அடையாளம் கண்டு அடக்கி வாசிக்கும். லேப்டாப்புக்கு அது தெரியாது. கல்லூரிப் பிள்ளைக்கு அரசு கொடுத்த லேப்டாப்பை முதல் நாள் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்தவுடன் விண்டோஸ் அப்டேட் மட்டும் இரண்டு ஜிபியையும் விழுங்கிவிடும்.

தடுக்கும் வழி எளிது. லேப்டாப்பில் செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபை, அந்த இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸ் என்று போய் மீட்டர்ட் கனெக்ஷன் (அளவு பார்த்துச் செலவழிக்கும் இணைப்பு) என்பதை ஆன் செய்யுங்கள். போனில் வைஃபை பெயரைத் தொட்டு, நெட்வொர்க் யூசேஜ் என்பதில் ட்ரீட் ஆஸ் மீட்டர்ட் தேர்ந்தெடுங்கள். அப்டேட்டுகளை மாதம் ஒருமுறை நூலகத்திலோ கல்லூரியிலோ இறக்கிக்கொள்ளலாம். நிறுத்தியே வைப்பதும் சரியில்லை, பாதுகாப்புத் திருத்தங்கள் அதில்தான் வருகின்றன.

லேப்டாப்புக்கு நெட் கொடுக்க வைஃபை ஹாட்ஸ்பாட்டைவிட யுஎஸ்பி டெதரிங் நல்லது. சார்ஜ் கேபிளால் போனையும் லேப்டாப்பையும் இணைத்து, ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே இருக்கும் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் போதும். போன் சூடாவது குறையும், சார்ஜும் ஏறும், பக்கத்து அறைப் பையன் பாஸ்வேர்ட் கேட்டு நிற்க மாட்டான். டேட்டா போகாத, சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் கடையில் நிறைய உண்டு. இணைத்தும் டெதரிங் பட்டன் மங்கலாகவே இருந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

பழைய 4ஜி போனில் ஒரு சிம் போட்டு எந்நேரமும் சார்ஜில் செருகி வீட்டு மோடமாக வைப்பவர்கள் இருக்கிறார்கள். சில மாதத்தில் பேட்டரி உப்பும். பின்மூடி லேசாக மேலெழும்பியிருந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள், தகர வீட்டு வெயிலில் அது விளையாட்டில்லை. அப்படி ஒரு தேவை நிரந்தரம் என்றால் சிம் போடும் 4ஜி ரவுட்டர் வாங்குவது மேல். விலை இரண்டாயிரத்துக்கு மேல் வரும்.

இந்த வழி எங்கே தோற்கும்? டேட்டா உள்ள போன் வீட்டை விட்டு வெளியே போகும்போது. அப்பா எட்டு மணிக்குப் போனோடு வேலைக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்பினால் பிள்ளைகளுக்கு நாள் முழுதும் நெட் இல்லை. பெரிய திட்டத்தைச் சம்பாதிக்கிறவர் போனுக்குப் போடுவது நம் வீடுகளில் பழக்கம். படிக்கிறவர் அல்லது வீட்டில் இருப்பவர் போனுக்கு அதை மாற்றுவதுதான் இந்தத் திட்டத்தின் உயிர்நாடி. வீட்டில் அதற்குச் சம்மதம் வாங்குவது செட்டிங்ஸ் மாற்றுவதைவிடக் கஷ்டமான வேலை.

ஃபைபர் எப்போது சரி

நான்கு போன் வீடு, வீட்டிலிருந்து தட்டச்சோ தையல் ஆர்டரோ டியூஷனோ நடக்கும் வீடு, தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வீடியோப் பாடம் பார்க்கும் இரண்டு பிள்ளைகள் உள்ள வீடு என்றால் ஃபைபர் பக்கம் போகலாம். சாதாரணத் திட்டத்தில் மாதம் 3,300 ஜிபி வரை முழு வேகம். நாளுக்கு 110 ஜிபி. ஒரு வீடு செலவழிக்க முடியாத அளவு. டேட்டா தீர்ந்ததா என்று பார்த்துப் பார்த்து வாழ்வது நின்றுவிடும், அந்த நிம்மதிக்கும் ஒரு விலை உண்டுதான்.

விலைப் பட்டியலில் ஜியோ 399 (30 எம்பிபிஎஸ்), பிஎஸ்என்எல் 449 (30 எம்பிபிஎஸ்), ஏர்டெல் 499 (40 எம்பிபிஎஸ்) என்று இருக்கும். பிஎஸ்என்எல்லில் 329 ரூபாய்க்கு 1,000 ஜிபி திட்டமும், கிராமங்களுக்கு 249, 299 ரூபாய்த் திட்டங்களும் சில பகுதிகளில் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள். 249-ஐப் பார்த்ததும் தாவ வேண்டாம். அதில் முழு வேகம் மாதத்துக்கு 10 ஜிபி மட்டும்தான், பிறகு 2 எம்பிபிஎஸ். ஆனாலும் 64 கேபிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டால் அந்த 2 எம்பிபிஎஸ் ராஜா. 360பி வீடியோ நிற்காமல் ஓடும். ஒரே பிள்ளை படிக்கிற, பெரிய வேகம் தேவைப்படாத வீட்டுக்கு, கிடைக்கும் ஊரில், ஜிஎஸ்டியோடு மாதம் 294 ரூபாய் என்பது மோசமில்லை.

உள்ளூர் கேபிள்காரர் தரும் இணைப்பை ஒதுக்கிவிடாதீர்கள். லைன் அறுந்தால் அன்றைக்கே ஏணியோடு வருகிறவர் பல ஊர்களில் அவர் ஒருவர்தான். இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள்: எந்த நிறுவனத்தின் பெயரில் பில் வருகிறது, உங்கள் பெயரில் கேஒய்சி எடுத்தார்களா. பில்லே இல்லாத இணைப்புக்குப் புகார் சொல்ல இடமே இருக்காது. கிராமங்களில் ஊராட்சிகளுக்கு ஃபைபர் தரும் மத்திய அரசுத் திட்டமான பாரத்நெட் வழியாகவும் இணைப்பு கிடைக்கிறது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் இழுக்கும் பொறுப்பு தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்துடையது. ஊராட்சி அலுவலகம் வரை லைன் வந்திருந்தால், அங்கிருந்து வீட்டுக்கு இழுத்துத் தர யாரை நியமித்திருக்கிறார்கள் என்று ஊராட்சிச் செயலரிடம் கேட்கலாம்.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை: ரவுட்டர் பெட்டி யாருடையது, வாடகையா, டெபாசிட்டா, டெபாசிட் திரும்ப வருமா? ஆறு மாதம் அல்லது ஒரு வருஷம் மொத்தமாகக் கட்டினால்தான் இன்ஸ்டலேஷன் இலவசமா? மூவாயிரம் ரூபாயை ஒரே நாளில் கட்ட முடிகிற வீட்டுக்கு அது லாபம். கூலி வேலை உள்ள வீட்டில், மழைக்காலத்தில் இரண்டு வாரம் வேலை இல்லாவிட்டால் பில் கட்ட முடியாது, இணைப்பு நிறுத்தப்படும், திரும்ப வாங்கும்போது பாக்கியும் சேரும். மொபைல் ரீசார்ஜ் அப்படியில்லை. காசு வந்த அன்று போட்டுக்கொள்ளலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே, கணக்கில் சமமாக வந்தாலும், வருமானம் ஒழுங்காக வராத வீட்டுக்கு ஃபைபரைப் பரிந்துரைக்க மாட்டோம். ப்ரீபெய்ட் ஃபைபர் கிடைத்தால் அதைக் கேளுங்கள். வாடகை வீடானால், சுவரில் துளை போட வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேபிள் இழுக்க வந்த நாளில் தகராறு வந்து ஆள் திரும்பிப் போவது வாடிக்கை.

யாரும் சொல்லாத செலவு மின்சாரம். ரவுட்டர் பெட்டி ஏறக்குறைய 10 வாட் எடுக்கும். நாள் முழுதும் ஓடினால் மாதம் 7 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 14, 15 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் 90-இல் நிற்கிற வீடு இதனால் நூறைத் தாண்டிவிடும். இரவு படுக்கும்போது அணைத்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

நெட் போனால் கஸ்டமர் கேருக்கு அழைக்கும் முன் பெட்டியின் விளக்கைப் பாருங்கள். எல்ஓஎஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பில் மினுக்கினால் ஃபைபரில் ஒளி வரவில்லை. வெளியே அறுந்திருக்கும், அல்லது வீட்டுக்குள் பீரோவை நகர்த்தியதில் மஞ்சள் வயர் மடங்கியிருக்கும். செப்புக் கம்பி மாதிரி அதை மடக்கக் கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி இழை. வளைவு ஒரு டீ டம்ளரின் வாயை விடச் சிறிதாக வேண்டாம். பான் (PON) என்று எழுதிய விளக்கு பச்சையில் நிலையாக இருந்து நெட் மட்டும் இல்லையென்றால் கோளாறு பில்லிலோ லாகினிலோ இருக்கும். லைன்மேன் வந்து பயனில்லை. இதைப் பார்த்துச் சொன்னால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

வயர் இல்லாத ஏர்ஃபைபர் பற்றி ஒரு வரி போதும்: 599-இல் தொடங்கி ஜிஎஸ்டியோடு 707, வருஷம் 8,480. ஃபைபர் எட்டாத இடத்துக்கு மட்டும்.

வீட்டில் இணைப்பே இல்லாமல்

விண்ணப்பம் போட, சான்றிதழ் இறக்க, வருஷத்தில் பத்து நாள்தான் நெட் வேண்டும் என்றால் இணைப்பே தேவையில்லை. பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க உதவி மையங்களை அரசு திறக்கிறது. அங்கே கணினியும் வழிகாட்டும் ஆளும் இருப்பார்கள், பிரவுசிங் சென்டரில் முன்னூறு ரூபாய் கொடுத்து யாரோ ஒருவர் தப்பாக நிரப்புவதைவிட நல்லது. வருமானம், சாதி, இருப்பிடச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய்.

படிக்க என்றால் நூலகம். சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இங்கே காலையில் போய் இரவு திரும்புவது புதிதில்லை. சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் குறைந்த கட்டணத்தில் இடமும் இணையமும் சேர்ந்து கிடைக்கிறது. நூலகத்துக்குப் போகும் முன் வைஃபை பாஸ்வேர்டை உறுப்பினருக்கு மட்டும் தருவார்களா, எத்தனை மணி வரை என்று கேட்டுவிடுங்கள். கிளை நூலகங்களில் இது ஊருக்கு ஊர் வேறு. போகும்போது சார்ஜரும், இறக்க வேண்டியவற்றின் பட்டியலும் கையில் இருக்கட்டும். பாட வீடியோக்களை யூடியூப்பில் டவுன்லோட் கொடுத்துச் சேமித்தால் வீட்டில் டேட்டா இல்லாமல் பார்க்கலாம்.

ரயிலில் போய்வருகிறவர்களுக்கு ஸ்டேஷன் வைஃபை இருக்கிறது. ரயில்வேயின் நிறுவனமான ரயில்டெல் நடத்தும் ரயில்வயரில் நாளுக்கு முதல் 30 நிமிஷம் இலவசம், வேகம் 1 எம்பிபிஎஸ். கணக்குப்படி அரை மணியில் அதிகபட்சம் 225 எம்பி இறங்கும். பழைய வினாத்தாள் பிடிஎஃப்களுக்கு அது தாராளம், வீடியோவுக்குப் பற்றாது. அதற்கு மேல் கட்டணத் திட்டங்கள் நாளுக்கு 10 ரூபாய்க்கு 5 ஜிபி என்று தொடங்கின, 30 நாளுக்கு 70 ரூபாய், 60 ஜிபி, ஜிஎஸ்டி தனி. மின்சார ரயிலில் தினம் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு இந்த எழுபது ரூபாய் திட்டத்தைவிட மலிவானது எதுவும் இல்லை. ஆனால் பிளாட்பாரத்தை விட்டால் முடிந்தது, ரயிலுக்குள் வராது.

பிஎம்-வானி என்பது கடைக்காரர் வைக்கும் பொது வைஃபை. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை அனுமதித்தது. டீக்கடையோ மளிகைக் கடையோ தன் ஃபைபர் இணைப்பில் அதற்கான வைஃபை பெட்டியைச் சேர்த்து, 5 ரூபாய், 10 ரூபாய் வவுச்சராக நெட் விற்கலாம். கடைக்காரருக்கு லைசென்ஸ் வேண்டாம், பதிவுக் கட்டணமும் இல்லை. பயன்படுத்துகிறவர் வானி ஆப் ஒன்றை இறக்கி, போன் எண்ணுக்கு வரும் ஓடிபியால் ஒருமுறை பதிந்தால், பக்கத்தில் உள்ள ஹாட்ஸ்பாட்டைக் காட்டும். தமிழ்நாட்டில் இது அடர்த்தியாக இல்லை. ஆப்பில் புள்ளி தெரிந்து நேரில் போனால் பெட்டி அணைந்து கிடப்பதும் உண்டு. கான்கிரீட் சுவர் இரண்டு தாண்டினால் சிக்னல் செத்துவிடும் என்பதால், கடைக்கு எதிர்வீட்டுக்குத்தான் இது வீட்டு நெட்.

இருந்தாலும் சென்னையின் பெரும்பாக்கம், கண்ணகி நகர் மாதிரி வாரியக் குடியிருப்புகளுக்கும் லைன் வீடுகளுக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. அங்கே இப்போது நடப்பது, ஒருவர் பெயரில் இணைப்பு வாங்கி மூன்று வீடு பங்கு போடுவது. 530 ரூபாய் பில்லில் ஆளுக்கு 177. மலிவுதான். ஆனால் இணைப்பை மற்றவருக்கு விற்கக் கூடாது என்பது விண்ணப்ப நிபந்தனையிலேயே இருக்கும். அந்த இணைப்பிலிருந்து யாராவது தப்பு செய்தால் முதலில் விசாரணைக்கு வருவது பெயர் கொடுத்தவர் வீட்டுக்கு. மூன்றாவது மாதம் ஒரு வீடு பங்கு தராமல் பாஸ்வேர்ட் மாற்றும் சண்டையும் நிச்சயம். பிளாக்கில் கடை வைத்திருக்கும் ஒருவர் வானி முறையில் செய்தால் யார் எப்போது பயன்படுத்தினார் என்ற பதிவு இருக்கும், பணமும் வவுச்சராக முன்கூட்டியே வந்துவிடும். முன்பு இப்படி வானி நடத்தும் கடைக்காரர்களுக்கு நிறுவனங்கள் விலை உயர்ந்த லைன்களைக் காட்டியதுதான் பெரிய தடை. 2025 ஜூனில் டிராய் ஒரு வரம்பு வைத்தது: 200 எம்பிபிஎஸ் வரையான வீட்டுத் திட்டத்தின் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. அதாவது 399 ரூபாய் லைன் கடைக்காரருக்கு அதிகபட்சம் 798 (ஜிஎஸ்டி தனி). நாளுக்கு ஐந்து ரூபாய் வவுச்சர் ஏழு விற்றால் லைன் காசு வந்துவிடும்.

எந்தப் பொது வைஃபையிலும் போன் எண்ணும் ஓடிபியும் கேட்பது இயல்பு. ஆதார் எண், ஏடிஎம் எண், யுபிஐ பின் கேட்டால் அது வலை. அரசு மூன்று மாத ரீசார்ஜ் இலவசம் என்று வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்குகளும் அதே ரகம். கேரளத்தில் 2023 ஜூனில் தொடங்கிய கேஃபான் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு தருவது உண்மை. அந்தச் செய்தியை வைத்து இங்கே "படிவம்" விற்கிறவர்களிடம் ஐம்பது ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அது கேரளக் குடும்பங்களுக்கு மட்டும்.

ஒத்துவராவிட்டால்

ஃபைபரை எடுத்துவிட்டு விட வேண்டி வந்தால், பில் கட்டாமல் விட்டால் தானே போய்விடும் என்று இருக்க வேண்டாம். பெட்டி அவர்களுடையதாக இருந்தால் அதன் விலையைக் கேட்டு வசூல் ஆட்கள் போன் செய்வார்கள். ஆப்பிலோ எழுத்திலோ துண்டிக்கச் சொல்லி, வரும் கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியையும் அதோடு வந்த அடாப்டரையும் சேர்த்துக் கொடுத்து, பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைப் போட்டு ரசீது வாங்குங்கள். வாங்க வருகிறவர் ரசீது புத்தகம் இல்லை என்றால், அவர் கையில் பெட்டி இருக்க, அந்த எண் தெரிய ஒரு போட்டோ எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். டெபாசிட் கட்டியிருந்தால் அந்தப் போட்டோவும் கோரிக்கை எண்ணும்தான் அதைத் திரும்பக் கேட்கும்போது உங்கள் கையில் இருக்கும்.